ஒரு கேட்வேக்கு எத்தனை சென்சார்? லோராவான் வலையின் கொள்ளளவைக் கணக்கிடும் வழி

1,200 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வளாகம். வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர், 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங், மொட்டைமாடியில் ஒரே ஒரு லோராவான் கேட்வே, அதாவது சென்சார்கள் குறைந்த சக்தியில் ரேடியோ வழியே அனுப்பும் சிறு செய்திகளை வாங்கி இணையத்துக்குக் கடத்தும் பெட்டி. தாங்குமா? விற்பவரைக் கேட்டால் "பத்தாயிரம் சென்சார் தாராளமாகத் தாங்கும்" என்பார். ஒவ்வொரு சென்சாரும் எத்தனை பைட் அனுப்பும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும், எந்த வேகத்தில் அனுப்பும் என்று விசாரிக்காமல் சொல்லப்படும் எந்த எண்ணையும் நம்பி வாங்க வேண்டாம். இந்த வலையில் தீர்ந்துபோகிற சரக்கு, காற்றில் கிடைக்கும் நேரம். ஒரு சென்சார் பேசிக்கொண்டிருக்கும்போது அதே சேனலில் அதே வேகத்தில் இன்னொன்று குறுக்கிட்டால் பெரும்பாலும் இரண்டு பாக்கெட்டும் கெடும். ஆகவே போட வேண்டியது நேரக் கணக்கு. அதற்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

கீழே வரும் எண்கள் இந்தியாவின் ஐஎன்865 சேனல் திட்டத்துக்கானவை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் மத்திய அரசு அனுமதித்தது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்துக் கதிர்வீச்சு 4 வாட், ஒரு சேனலின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்பவை அதன் வரம்புகள். ஐரோப்பாவில் இருப்பதுபோல் ஒரு கருவி 1 சதவீத நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்ற விதி இங்கே இல்லை. அந்த விதி இருந்தாலும் நெரிசலான வலையைக் காப்பாற்றாது: 1,200 சென்சாரும் தலா 1 சதவீதம் பேசினால் எந்த நொடியிலும் சராசரியாக 12 சென்சார்கள் பேசிக்கொண்டிருக்கும். வரம்பை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும்?

லோராவானின் அடியில் உள்ள ரேடியோ முறையின் பெயர் லோரா. அதில் வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், சுருக்கமாக எஸ்எஃப். எஸ்எஃப்7 மிக வேகம், எஸ்எஃப்12 மிக மெதுவு. ஒரு படி ஏறினால் ஒரு சிம்பலின், அதாவது ஓர் அலைத்துண்டின், நீளம் இரட்டிப்பாகும். 125 கிலோஹெர்ட்ஸ் சேனலில் எஸ்எஃப்7இன் சிம்பல் 1.024 மில்லி வினாடி, எஸ்எஃப்12இல் அதுவே 32.768 மில்லி வினாடி. இப்படி மெதுவாகப் பேசுவதால் படிக்கு ஏறக்குறைய 2.5 டெசிபெல் கூடுதலாகக் காது கேட்கும். அவ்வளவுதான் லாபம்.

மீட்டர் அனுப்புவது 12 பைட் என்று வைத்துக்கொள்வோம்: மொத்த ரீடிங் 4 பைட், முந்தைய மூன்று கால்மணிகளின் பயன்பாடு தலா 2 பைட், பேட்டரி 1 பைட், அலாரம் 1 பைட். இதன்மேல் லோராவான் தன் முகவரி, எண்ணி, பாதுகாப்புக் குறி என்று 13 பைட் சேர்க்கும். மொத்தம் 25 பைட்.

கணக்குப் படி இது. 25ஐ 8ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து எஸ்எஃப்பின் நான்கு மடங்கைக் கழித்து 44 கூட்டுங்கள். வந்ததை எஸ்எஃப்பின் நான்கு மடங்கால் வகுங்கள். எஸ்எஃப்11, எஸ்எஃப்12 இரண்டுக்கு மட்டும், வகுக்கும் எண்ணுக்காக எஸ்எஃப்பில் 2 குறைத்துக்கொண்டு நான்கால் பெருக்க வேண்டும். விடை பின்னமாக இருந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி, 5ஆல் பெருக்கி, 8 கூட்டுங்கள். பாக்கெட்டின் முன்னால் வரும் அறிமுகத்துக்கு 12.25 சிம்பல் சேருங்கள். கடைசியில் சிம்பல் நீளத்தால் பெருக்கினால் ஏர்டைம், அதாவது பாக்கெட் காற்றில் இருக்கும் நேரம். எஸ்எஃப்7க்கு: 200 − 28 + 44 = 216. 28ஆல் வகுத்தால் 7.71, அதாவது 8. ஐந்தால் பெருக்கினால் 40, எட்டு சேர்த்து 48, அறிமுகத்தோடு 60.25 சிம்பல், 61.7 மில்லி வினாடி.

அதே 12 பைட் தகவலுக்கு எல்லா வேகங்களிலும்:

எஸ்எஃப்7: 61.7 மில்லி வினாடி
எஸ்எஃப்8: 113.2
எஸ்எஃப்9: 205.8
எஸ்எஃப்10: 411.6
எஸ்எஃப்11: 823.3
எஸ்எஃப்12: 1,482.8

முழு எண்ணுக்கு ஏற்றும் அந்தப் படியைக் கவனியுங்கள். எஸ்எஃப்10இல் 12 பைட்டை 11 ஆக்கினால் 5.1 என்பது 4.9 ஆகும், ஏற்றியபின் ஆறாக இருந்தது ஐந்தாகி ஏர்டைம் 411.6இலிருந்து 370.7க்கு இறங்கும். ஒரே ஒரு பைட்டுக்கு 10 சதவீத மிச்சம். எஸ்எஃப்7இல் அதே பைட்டை வெட்டினால் ஒரு மைக்ரோ வினாடிகூடக் குறையாது. ஆகவே எல்லா வேகங்களுக்கும் பட்டியல் போட்டு, படி எங்கே விழுகிறது என்று பார்த்து வெட்டுங்கள். பேட்டரி அளவை ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பத் தேவையே இல்லை. அலாரம் பைட்டில் ஏழு பிட் சும்மா கிடக்கும்; இரண்டையும் ஒரே பைட்டில் அடக்கிவிடலாம்.

சுமையிலிருந்து இழப்புக்கு

சாதாரண லோராவான் சென்சார், சேனலில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசுவதில்லை. நேரம் வந்ததும் அனுப்பிவிடும். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கு இடையே ஓட்டிய அலோஹா வலையின் முறை இதுதான். அதன் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும்.

ஒரு சேனலில், ஒரு எஸ்எஃப்பில், எவ்வளவு விகித நேரம் பேச்சு நடக்கிறது என்பதைச் சுமை என்போம். சென்சார் எண்ணிக்கையை ஏர்டைமால் பெருக்கி, அனுப்பும் இடைவெளியாலும் சேனல் எண்ணிக்கையாலும் வகுத்தால் சுமை கிடைக்கும். ஒரு பாக்கெட் மோதாமல் போய்ச்சேரும் வாய்ப்பு, 2.718இன் அடுக்கில் மைனஸ் இரண்டு மடங்கு சுமை. சுமை 0.5 ஆகும்போது சேனல் அதிகபட்சமாக 18.4 சதவீதம் பயன்படுகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த இடத்தில் 63 சதவீத பாக்கெட்டுகள் தொலைந்துகொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மீட்டர் வலைக்கு அந்த உச்சத்தால் பயன் இல்லை. நமக்கு வேண்டிய சுமைகள் மிகச் சிறியவை: 90 சதவீதம் போய்ச்சேர 0.0527, 95 சதவீதத்துக்கு 0.0256, 99 சதவீதத்துக்கு 0.005. 95இலிருந்து 99க்கு ஏற ஆசைப்பட்டால் சென்சார் எண்ணிக்கையை ஐந்தில் ஒன்றாக்க வேண்டும்.

95 சதவீத இலக்கு, 15 நிமிட இடைவெளி, 8 சேனல் என்று எடுத்தால் ஒவ்வொரு எஸ்எஃப்பும் தாங்கும் சென்சார்கள் ஏறக்குறைய இவ்வளவு: எஸ்எஃப்7இல் 2,990, எஸ்எஃப்8இல் 1,630, எஸ்எஃப்9இல் 895, எஸ்எஃப்10இல் 448, எஸ்எஃப்11இல் 224, எஸ்எஃப்12இல் 124. ஐஎன்865இன் மூன்று அடிப்படை சேனல்களை மட்டும் வைத்தால் இவை எல்லாம் எட்டில் மூன்று பங்காகும்: எஸ்எஃப்7இல் 1,120, எஸ்எஃப்12இல் வெறும் 46.

வெவ்வேறு எஸ்எஃப்கள் ஒரே சேனலில் ஒன்றையொன்று பெரும்பாலும் கெடுப்பதில்லை. அதனால்தான் தனித்தனியாகக் கணக்கிடுகிறோம். ஆனால் கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் முழுச் சக்தியில் கத்தினால், தொலைவில் வேறு எஸ்எஃப்பில் முனகும் சென்சாரும் அமுங்கிவிடும். நெருங்கிய சென்சார்களின் டிரான்ஸ்மிட் சக்தியைக் குறைப்பது பேட்டரிக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. ஒரே எஸ்எஃப்பில் மோதும்போது ஒன்று மற்றதைவிட 6 டெசிபெல் பலமாக இருந்தால் பலமானது பிழைத்துக்கொள்ளும். எனவே மேலே உள்ள கணக்கு சற்றுக் கடுமையானதுதான். அந்தச் சலுகை எப்போதும் பக்கத்துச் சென்சாருக்கே போகும் என்பதை மறக்காதீர்கள். சராசரி 96 சதவீதம் என்று காட்டும் வலையில் அடித்தளத்து மீட்டர்கள் 70இல் கிடக்கலாம்.

வளாகத்துக்கு முழுக் கணக்கு

எந்த வீட்டுக்கு எந்த எஸ்எஃப் என்பதை ஊகிக்க வேண்டாம். இரும்புக் கதவு போட்ட பைப் ஷாஃப்ட், அடித்தள சம்ப், கேட்வேக்கு மறுபக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளம் என மோசமான இடங்களில் மீட்டரை வைத்து, கதவை மூடி, கேட்வே பதிவு செய்யும் எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் பலம்) அளவை எடுங்கள். எஸ்எஃப்7 பிடிபட −7.5 டெசிபெல் வேண்டும், படிக்கு 2.5 குறைந்து எஸ்எஃப்12க்கு −20 போதும். அளந்த எண்ணில் 10 டெசிபெல் பாதுகாப்புக்காகக் கழித்துவிட்டுப் பொருத்துங்கள். −3 கிடைத்த இடத்துக்கு −13 என்று கொள்ள வேண்டும், எஸ்எஃப்9இன் −12.5 போதாது, எஸ்எஃப்10தான்.

அளந்து பார்த்ததில் 720 மீட்டர் எஸ்எஃப்7, 180 எஸ்எஃப்8, 120 எஸ்எஃப்9, 96 எஸ்எஃப்10, 48 எஸ்எஃப்11, 36 எஸ்எஃப்12 என்று அமைகிறது என்று வைப்போம். மூன்று சேனலில் எஸ்எஃப்7க்குச் சுமை 0.0165, வெற்றி 96.8 சதவீதம். எஸ்எஃப்12க்குச் சுமை 0.0198, வெற்றி 96.1. எட்டுச் சேனலில் இரண்டும் 98.5க்கு மேல் போகும். தாங்குகிறது.

ஆனால் அந்த இரண்டு சுமைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 36 மீட்டர்கள், 720 மீட்டர்களைவிட அதிகக் காற்றைத் தின்கின்றன. கைவைக்க வேண்டிய இடம் அந்த 36தான். ஷாஃப்டுக்கு வெளியே ஆன்டெனாவை நீட்டுவது, இரும்புக் கதவில் பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது, வளாகத்தின் மறுகோடியில் இரண்டாவது கேட்வே போடுவது என எதைச் செய்தாலும் பலன் உடனே தெரியும். இரண்டாவது கேட்வேயை முதல் கேட்வேயின் கம்பத்திலேயே கட்டிப் பயன் இல்லை. இரண்டு காதும் ஒரே மோதலைத்தான் கேட்கும். தள்ளி வைத்தால் இரண்டு லாபம்: மெதுவாகப் பேசியவை வேகத்துக்கு மாறும், ஓரிடத்தில் மோதிய பாக்கெட் இன்னோரிடத்தில் பலமாகக் கேட்டுப் பிழைக்கும்.

கூடுதல் ஐந்து சேனல்களை, வலையை நிர்வகிக்கும் நெட்வொர்க் சர்வரில் சேர்த்தால் மட்டும் போதாது. வலையில் முதலில் சேரும்போது (ஜாயின்) வரும் சேனல் பட்டியலை மீட்டரின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்கிறதா என்று, எந்த அலைவரிசையில் அப்லிங்க் (மீட்டர் அனுப்பும் பாக்கெட்) வருகிறது எனப் பதிவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கேட்வேக்குள் இருக்கும் இரண்டு ரேடியோவும் தலா 0.9 மெகாஹெர்ட்ஸ் அளவுதான் பார்க்கும். எட்டுச் சேனலும் அந்த இரண்டு ஜன்னலுக்குள் விழ வேண்டும்.

கேட்வே செவிடாகும் நேரம்

எஸ்எக்ஸ்1301 சில்லு உள்ள பழைய கேட்வே ஒரே நேரத்தில் 8 பாக்கெட்டைத்தான் பிரித்துப் படிக்கும். எஸ்எக்ஸ்1302இல் 16. மேலே சொன்ன கலவையில் எல்லாச் சுமையையும் கூட்டினாலும் ஒரு நேரத்தில் சராசரியாகக் கால் பாக்கெட்தான் காற்றில் இருக்கும்; இந்த வரம்பு சாதாரண நாளில் உறைக்காது.

உறைக்கப்போவது வேறு. கேட்வே ஒரு டவுன்லிங்க் (சென்சாருக்குப் போகும் பாக்கெட்) அனுப்பும்போது எல்லாச் சேனலிலும் செவிடு. ஒவ்வொரு ரீடிங்குக்கும் "கிடைத்தது" என்ற பதில் வேண்டும் என்று மீட்டரை அமைத்தால், அந்தப் பதில் எஸ்எஃப்7இல் 41 மில்லி வினாடி, எஸ்எஃப்12இல் 991 மில்லி வினாடி. நம் கலவைக்கு 15 நிமிடத்தில் மொத்தம் 151 வினாடி. அதாவது 17 சதவீத நேரம் கேட்வே எதையும் கேட்காது. 98 சதவீதமாக இருந்த வலை ஒரே அமைப்பால் 80 பக்கம் விழும். பதில் கிடைக்காத மீட்டர்கள் மறுபடி அனுப்பத் தொடங்க, இன்னும் விழும். நெரிசலான வலையில் பதில் கேட்கும் ரீடிங்கைத் தொடவே தொடாதீர்கள். கசிவு அலாரம் போன்ற அபூர்வச் செய்திகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீடிங் தொலைவதைத் தாங்கும்படி தகவலை அமைப்பதுதான் சரியான வழி. மீட்டர் அனுப்புவது கால்மணிப் பயன்பாடாக மட்டும் இருந்தால், தொலைந்தது தொலைந்ததுதான். மொத்த ரீடிங்கை அனுப்பினால் அடுத்த பாக்கெட் விட்டதை ஈடுகட்டும். முந்தைய மூன்று கால்மணிகளையும் சேர்த்து அனுப்புவதால், தொடர்ந்து நான்கு பாக்கெட் தொலைந்தால்தான் ஒரு கால்மணிக் கணக்கு போகும்.

ஒரே பாக்கெட்டை இரண்டு முறை அனுப்புவது பற்றியும் ஒரு கணக்கு. சுமை 0.02 உள்ள சேனலில் இரட்டிப்பாக அனுப்பினால் வெற்றி 96.1இலிருந்து 99.4க்கு ஏறும். சுமை 0.3 ஆக இருந்தால் 54.9 இருந்தது 51.2க்கு இறங்கும். ஒற்றைப் பாக்கெட்டின் வெற்றி 62 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் திரும்பச் சொல்வது நிலைமையை மோசமாக்கும். தவிப்பில் முதலில் கை போவது இந்த அமைப்புக்குத்தான் என்பதால் அந்த எல்லையை நினைவில் வையுங்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால்

மேலே உள்ள கணக்கு எல்லாம் சென்சார்கள் தற்செயலாகச் சிதறிப் பேசும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஃபர்ம்வேர் எழுதியவர் கடிகாரத்தில் 00, 15, 30, 45 என்று அனுப்பச் சொல்லியிருந்தால் அந்த நம்பிக்கை போயிற்று. 1,200 மீட்டரும் ஒரே நொடியில் கத்தும். ஒவ்வொரு மீட்டரும் தன் கருவி எண்ணிலிருந்து 0 முதல் 899 வரை ஒரு தள்ளிவைப்பைக் கணக்கிட்டு, அதன்மேல் ஒவ்வொரு முறையும் சில வினாடி தற்செயல் தாமதம் சேர்க்க வேண்டும். தள்ளிவைப்பு மட்டும் போதாது. ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு மீட்டர்களின் கடிகாரக் கிரிஸ்டல்கள் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) வித்தியாசத்தில் ஓடினால், 62 மில்லி வினாடி பாக்கெட் ஒன்றையொன்று விலக மூன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை அந்த இரண்டும் ஒவ்வொரு முறையும் மோதலாம்.

மின்சாரத்தில் ஓடும் சென்சார்களாக இருந்தால் கரண்ட் போய் வரும் நேரம் கண்டம். எல்லாம் ஒரே நொடியில் எழுந்து ஜாயின் கேட்கும். ஜாயின் கோரிக்கை மூன்று அடிப்படை சேனல்களில்தான் போகும். கூடுதல் சேனல் இங்கே உதவாது. சேனல் பட்டியலோடு வரும் ஜாயின் ஏற்பு 33 பைட். எஸ்எஃப்10இல் அது 453 மில்லி வினாடி. 1,200 பேருக்கும் ஒருமுறைகூடத் தவறாமல் கொடுத்தாலே கேட்வே 9 நிமிடம் செவிடு. நடைமுறையில் பல மணி நேரம் இழுக்கும். தீர்வு ஃபர்ம்வேரில் இருக்கிறது: சாவிகளையும் பாக்கெட் எண்ணியையும் ஃபிளாஷில் சேமித்து, எழுந்ததும் ஜாயின் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முடியாவிட்டால், எழுந்தபின் அரை மணி நேரத்துக்குள் தற்செயலான ஒரு நேரத்தில்தான் முதல் கோரிக்கை போக வேண்டும். வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள். மாட்டியபிறகு 1,200 மீட்டருக்கு ஃபர்ம்வேர் மாற்றுவது நடக்காத வேலை.

வலை தானாகச் சரியும் விதம்

ஏடிஆர் என்னும் தானியங்கி வேக மாற்றத்தை இயக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சில மீட்டர்கள் காரணமே இல்லாமல் எஸ்எஃப்12இல் கிடக்கும். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. சர்வரிடமிருந்து எதுவும் வராமல் 64 அப்லிங்க் போனால் சென்சார் "யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்கத் தொடங்கும். அதன்பின் 32 அப்லிங்க்கிலும் பதில் இல்லையென்றால், தூரம் போதவில்லை என்று முடிவெடுத்துச் சக்தியைக் கூட்டும். பிறகு ஒவ்வொரு 32க்கும் ஒரு படி மெதுவாகும். 15 நிமிட இடைவெளியில் 96 அப்லிங்க் என்றால் சரியாக ஒரு நாள். 32 என்றால் எட்டு மணி நேரம்.

இதன் பொருள்: கேட்வேயின் இணைய இணைப்பு வெள்ளி இரவு அறுந்து, திங்கள் இரவு வரை யாரும் கவனிக்காவிட்டால், வளாகத்தின் எல்லா மீட்டரும் எஸ்எஃப்12க்கு இறங்கியிருக்கும். இணைப்பைச் சரிசெய்தபின் எட்டுச் சேனலில் வெற்றி 61 சதவீதம், மூன்று சேனலில் 27. சர்வர் 1,200 பேருக்கும் ஒவ்வொன்றாக வேகத்தை உயர்த்தச் சொல்லி டவுன்லிங்க் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வினாடிக்கு மேல் கேட்வேயைச் செவிடாக்கும். "திடீரென்று வலை படுத்துவிட்டது, எதையும் மாற்றவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் முந்தைய வாரத்தின் எஸ்எஃப் பங்கீட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது.

தடுக்கும் வழிகள் எளியவை. கேட்வேக்கு இரண்டாவது சிம் கார்டு. ஒரு மணி நேரம் பாக்கெட் வராவிட்டால் கைபேசிக்கு எச்சரிக்கை. எஸ்எஃப்10ஐவிட மெதுவாகப் பேசத் தேவையில்லாத மீட்டர்களுக்கு ஃபர்ம்வேரிலேயே அந்த எல்லை.

ஓடும் வலையில் அளப்பது

ஒவ்வொரு மீட்டரின் பாக்கெட் எண்ணியில் விழும் இடைவெளிகளை எண்ணுங்கள். அதுதான் உண்மையான இழப்பு. எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பிய நாட்களை மீட்டர் ரீசெட் என்று விலக்குங்கள். மீட்டர்வாரியாகப் பட்டியலிட்டுக் கீழே உள்ள 5 சதவீதத்தைப் பாருங்கள்; மொத்தச் சராசரி எதையும் சொல்லாது. மணிக்கொருமுறை, சேனலுக்கும் எஸ்எஃப்புக்கும் வந்த பாக்கெட்டுகளின் ஏர்டைமைக் கூட்டி 3,600ஆல் வகுத்தால் உண்மைச் சுமை கிடைக்கும். கேட்வேயில் ஓடும் பாக்கெட் ஃபார்வர்டர் மென்பொருளின் நிலவர அறிக்கையில் மொத்தம் வந்தவை, பிழையின்றி வந்தவை என்ற இரண்டு எண்ணும் இருக்கும். வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் மோதல் கூடுகிறது அல்லது வேறு யாரோ பட்டைக்குள் வந்துவிட்டார்கள்.

இழப்பின் வடிவம் காரணத்தைச் சொல்லும். ஒரு எஸ்எஃப்பில் உள்ள எல்லா மீட்டரிலும் சமமாக இழப்பு என்றால் சுமை. எஸ்என்ஆர் குறைந்த சில மீட்டர்களில் மட்டும் என்றால் தூரம் அல்லது கதவு. குறிப்பிட்ட நிமிடத்தில் மட்டும் என்றால் ஒரே நேர ஓட்டம். டவுன்லிங்க் முடிந்த கையோடு என்றால் செவிட்டுக் கேட்வே. காலை எட்டு முதல் பத்து வரையும் மாலையிலும் மட்டும் எல்லா எஸ்எஃப்பும் அடிவாங்கினால் வளாக வாசலைப் பாருங்கள். ஃபாஸ்டேக் படிக்கும் யுஎச்எஃப் ஆர்எஃப்ஐடி ரீடரும் இதே 865–867 பட்டையில்தான் இயங்குகிறது. வாசல் தடுப்புக் கம்பத்தின் ரீடர் உங்கள் ஆன்டெனாவைப் பார்த்தபடி இருந்தால் கேட்வே திணறும். ஒரே பட்டை என்பதால் ஃபில்டர் உதவாது. கேட்வே ஆன்டெனாவைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். தரையில் பதித்த லூப் வண்டியை உணரும்போது மட்டும் ரீடர் இயங்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

மெஷ் வலையாக இருந்தால்

சென்சார்கள் ஒன்றுக்கொன்று கடத்திவிடும் 802.15.4 (குறுந்தூர, குறைந்த சக்தி ரேடியோவுக்கான தரநிலை) மெஷ் வலையில் வரம்பு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இலினாய் பல்கலைக்கழகத்தின் பியூஷ் குப்தாவும், சென்னை ஐஐடியில் படித்த பி. ஆர். குமாரும் ஒரு முடிவை நிறுவினார்கள்: ஆளாளுக்கு வேறு வேறு ஆளோடு பேசும் வலையில், ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைவிடச் சற்று வேகமாகக் குறையும். சென்சார் வலை அதைவிட மோசம். எல்லாரும் பேசுவது ஒரே மையத்தோடு. ஆகவே பங்கு எண்ணிக்கைக்கு நேர் எதிராகவே குறையும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். 127 பைட் ஃபிரேம் (இந்த வலையின் பாக்கெட்) தலைப்போடு 4.26 மில்லி வினாடி. காத்திருப்பு, சேனல் சோதனை, பதில், இடைவெளி எல்லாம் சேர்த்தால் 6.9 மில்லி வினாடி. மையம் நொடிக்கு 145 ஃபிரேமுக்கு மேல் வாங்க முடியாது. மோதல் இன்னும் கழிக்கவில்லை. நேரக் கட்டம் பிரித்துக் கொடுக்கும் டிஎஸ்சிஎச் முறையில் வழக்கமான 10 மில்லி வினாடிக் கட்டம் என்றால் நொடிக்கு 100. பதினாறு சேனல் இருக்கிறதே என்றால், மையத்தில் ஒரே ரேடியோ. அது ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். சேனல் மாற்றம் ஓரத்து நெரிசலைக் குறைக்கும், வாசல் நெரிசலைக் குறைக்காது. மையத்தின் பக்கத்து முனைகளே எல்லாருடைய சுமையையும் தூக்குவதால் அவற்றின் பேட்டரிதான் முதலில் தீரும்.

இடையில் ரிலே சேர்த்துக்கொண்டே போவது தீர்வாகாது. ஒருவர் பேச்சு எல்லாருக்கும் கேட்கும் இடத்தில் கூட்டம்தான் கூடும். மூன்று வேலை செய்யலாம். மையங்களை இரண்டு, மூன்றாக்கி, தனித்தனிச் சேனல் கொடுங்கள். வைஃபை 1, 6, 11 ஓடும் கட்டடத்தில் 15, 20, 25, 26 ஆகியவை ஒப்பீட்டளவில் அமைதியானவை. டிரான்ஸ்மிட் சக்தியைக் குறைத்து, ஒரு முனைக்குப் பக்கத்து முனைகள் ஆறேழு மட்டும் கேட்கும்படி செய்யுங்கள். இடைமுனைகள் தங்களுக்கு வரும் சிறு ரீடிங்குகளைச் சேர்த்து ஒரே ஃபிரேமில் அனுப்பட்டும்: 12 பைட் ரீடிங் ஏழை ஒன்றாக்கினால் 84 பைட், தலைப்புகளோடு 127க்குள் அடங்கும். நொடிக்கு 70 ஃபிரேம் வந்துகொண்டிருந்த மையத்துக்கு 10தான் வரும். அதற்காக ஒரு ரீடிங் சில நொடி காத்திருக்க வேண்டும்; தண்ணீர் மீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தீ எச்சரிக்கைச் சென்சாரை மட்டும் இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.